டென்வர், போல்டர் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்: பொங்கல் விழாவைக் கொஞ்சம் முன்னால் வையுங்கள்

அன்புள்ள டென்வர், போல்டர் வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோரை எனக்குத் தெரியாது. ப்ரூம்ஃபீல்டில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி ஒன்றைப் போன வாரம் எனக்கு அனுப்பினான். "ஜனவரி கடைசியில் போல்டரில் ஏதோ சினிமா விழாவாம். பத்து நாளைக்கு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், பார்க்கிங் கிடைக்காது" என்று இருந்தது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏறக்குறைய இதே சொற்களில் இங்கே ஒரு காலத்தில் மின்னஞ்சல் அனுப்பியவன் நான். அப்போது எங்கள் குழுவுக்கு வாட்ஸ்அப் இல்லை, அதனால் கட்டைவிரல்களும் இல்லை. "நல்ல வேளை சொன்னீர்கள்" என்று நாலைந்து பேர் பதில் எழுதினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த 'ஏதோ சினிமா விழா'வின் பெயர் சன்டான்ஸ். 1981 தொடங்கி எங்கள் மலையில், பார்க் சிட்டி என்ற சிற்றூரில், ஜனவரி தோறும் நடந்து வந்தது. 2026 ஜனவரி 22 முதல் பிப்ரவரி 1 வரை நடந்ததே இங்கே கடைசி. 2027 முதல் அது கொலராடோவின் போல்டரில், உங்கள் ஊர் விழா. என் வீட்டிலிருந்து பார்க் சிட்டி காரில் நாற்பது நிமிடம். நான் 2009இல் இங்கே குடிவந்தேன். 2017 வரை ஒரு படம்கூடப் போய்ப் பார்க்கவில்லை. இடையில் ஏழு ஜனவரிகள். அந்த ஏழையும் எப்படித் தொலைத்தேன் என்று சொல்வதற்குத்தான் இந்த மடல். உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி உண்டென்றால், அது தவறவிட்டவனின் தகுதி மட்டும்தான்.

எங்கள் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பார்க் சிட்டியில் நிரந்தரமாக வாழ்பவர்கள் எண்ணாயிரம் பேர் சொச்சம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர், நம் கொடைக்கானல் உயரம். வெள்ளிச் சுரங்கத்தால் பிழைத்த ஊர் அது. 1898இல் ஒரு தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது, மறுபடி கட்டினார்கள். பிறகு வெள்ளி விலை விழுந்து ஊர் காலியாகத் தொடங்கியது. 1963இல் சுரங்கக் கம்பெனியே மலைச்சரிவைப் பனிச்சறுக்கு மைதானமாக மாற்றியது. தொடக்கக் காலத்தில் சறுக்க வந்தவர்களைச் சுரங்க ரயிலில் ஏற்றி, மலையின் வயிற்றுக்குள்ளேயே கூட்டிப் போய், உள்ளிருந்து லிஃப்டில் மேலே தூக்கிவிட்டார்களாம். தொழில் மாறினாலும் பழைய தட்டுமுட்டைத் தூக்கியெறியாத ஊர் என்பதால் எனக்கு அதைப் பிடிக்கும்.

விழா பிறந்தது அங்கே இல்லை. 1978இல் சால்ட் லேக் நகரத்தில், வேறு பெயரில் தொடங்கியது. ஜனவரியில் பனிமலைக்கு மாற்றினால் ஹாலிவுட்காரர்கள் சறுக்கு விளையாட்டைச் சாக்கிட்டாவது வந்து சேருவார்கள் என்று இயக்குநர் சிட்னி போலாக் யோசனை சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. 1981இல் மலையேறியது. அதே ஆண்டு ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் சன்டான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் விழாவின் பொறுப்பு அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது, 1991இல் விழாவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. சன்டான்ஸ் என்பது ரெட்ஃபோர்டின் மலைவாசத் தலத்தின் பெயர். அது பார்க் சிட்டியிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே போய் இறங்கி, விழா எங்கே என்று தேடியவர்கள் வருடம் தவறாமல் உண்டு. போல்டருக்கு மாறியபின் அந்தக் குழப்பமாவது தீரும்.

உங்கள் ஊருக்கும் ரெட்ஃபோர்டுக்கும் பழைய உறவு உண்டு. 1950களில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் படித்து, முடிக்காமல் வெளியேறியவர் அவர். 2025 செப்டம்பர் 16 அன்று தம் 89ஆவது வயதில் காலமானார். கடைசிப் பார்க் சிட்டி விழா, அவர் இல்லாத முதல் விழாவாகவும் ஆகிப்போனது.

இனி என் ஏழு ஜனவரிகள். முதல் காரணம் அறியாமை. நடிகர்கள் வந்து இறங்கும் இடம், கழுத்தில் அடையாள அட்டை தொங்குபவர்களுக்கு மட்டுமான இடம் என்று நினைத்திருந்தேன். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதும். எந்தப் படம் எத்தனை கோடிக்கு விலைபோனது என்பதே தலைப்புச் செய்தி. 2006இல் ஒரு குடும்பக் கதை 1.05 கோடி டாலருக்கு விற்றதைப் பெரிய சாதனையாகச் சொன்னார்கள். 2021இல் இன்னொன்றை ஆப்பிள் நிறுவனம் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது, மறு ஆண்டு அதற்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் சந்தையில் மாடு என்ன விலைக்குப் போனது என்று கேட்டுவிட்டுப் பாலின் ருசியைத் தெரிந்துகொண்டதாக நினைப்பது போன்றது அது.

இரண்டாவது காரணம் பொங்கல். சிரிக்காதீர்கள். எங்கள் தமிழ்க் குழுவின் பொங்கல் விழா எப்போதும் பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமைகளில் ஒன்று. மண்டபம் கிடைப்பதைப் பொறுத்து அது அடுத்த வாரத்துக்கும் தள்ளும். அப்படித் தள்ளினால் நேரே சன்டான்ஸின் முதல் சனிக்கிழமையில் போய் முட்டும். குழந்தைகளுக்குக் கும்மி சொல்லிக்கொடுக்க வேண்டும், நூற்றைம்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்ட வேண்டும், மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைக் ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை மலைமேல் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கண்ணைத் திறந்தவள் என் மகள். 2017இல் பத்தாம் வகுப்பு. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு விழாக்காரர்கள் இலவசமாகப் படம் காட்டுவது வழக்கம். பள்ளிப் பேருந்தில் அழைத்துப் போயிருக்கிறார்கள். படம் முடிந்து இயக்குநர் மேடையேறியதும் இவள் கைதூக்கி ஏதோ கேட்டிருக்கிறாள். "நல்ல கேள்வி, எனக்கே பதில் தெரியாது" என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதையே நான்கு தடவை சொன்னாள். பெரியவர் ஒருவர் நூறு பேருக்கு முன்னால் தெரியாது என்று சொன்னது அவளை அப்படி உலுக்கிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, நீங்கள் ஏன் இதுவரை போனதே இல்லை?" என்றாள். பார்க்கிங் கிடைக்காது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் இருவரும் கிளம்பினோம். அந்த ஜனவரியில் பனி கொட்டித் தீர்த்தது. பார்லீஸ் கணவாயில் லாரிகள் ஊர்ந்தன. டிக்கெட் எதுவும் கையில் இல்லை. இங்கேதான் உங்களுக்கு ஒரு சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும்: காத்திருப்போர் பட்டியல். ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு மணி நேரம் முன்பு கைப்பேசிச் செயலியில் திறக்கும், அழுத்தினால் ஓர் எண் வரும். காட்சிக்கு அரை மணி முன்னால் அரங்க வாசலில் எண் வரிசைப்படி நிற்க வேண்டும். உள்ளே காலியாக இருக்கும் இருக்கைகளுக்கு ஏற்ப அனுமதிப்பார்கள், பணம் கட்டிக்கொண்டு நுழையலாம். எங்களுக்குக் கிடைத்தவை 112, 113. அரங்கம் என்றால் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம், பார்க் சிட்டி உயர்நிலைப்பள்ளியின் கலையரங்கம் அது. ஆயிரத்து இருநூறுக்கும் மேல் இருக்கைகள். விழாவின் மிகப் பெரிய அரங்கமே அந்தப் பள்ளிக்கூட அரங்கம்தான்.

வாசலில் பருத்த மேலங்கி போட்ட ஒரு மூதாட்டி, கையுறையைப் பல்லால் கழற்றியபடி பத்துப் பத்தாக எண்களைக் கூப்பிட்டார். எண்பது வரை மளமளவென்று போனது. பிறகு நின்றுவிட்டது. கதவு சாத்தியிருந்தது. காலுக்கு அடியில் பனி இறுகி வழுக்கியது. அப்போது உள்ளே ஒரு குரல்: "உங்கள் பக்கத்தில் காலி இருக்கை இருந்தால் கையை உயர்த்துங்கள்." கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அரை இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. சிலர் ஒரு விரல், சிலர் இரண்டு விரல். தன்னார்வலர்கள் அந்த விரல்களைக் கூட்டிக்கொண்டே நடைபாதையில் ஓடிவந்து வாசலில் எண்ணிக்கையைச் சொன்னார்கள். நூற்றுப் பதினைந்து வரை விட்டார்கள். நானும் மகளும் வேறு வேறு மூலையில் உட்கார்ந்தோம். எனக்காகக் கையுயர்த்திய மனிதர் தம் கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வாருங்கள், இன்னும் தொடங்கவில்லை" என்றார்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தேடிப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு என்பீர்கள். சுமாரான படம்தான். ஆனால் விளக்கு எரிந்ததும் இயக்குநர் முன்னால் வந்து நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. கை நடுங்கியது. அத்தனை பேர் முன்னால் அந்தப் படம் ஓடியது அன்றுதான் முதல் தடவை. அவர் முகத்தில் இருந்ததை நான் அதுவரை பார்த்தது பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் அப்பாக்களிடம் மட்டும்தான். திரையரங்கில் பல முறை முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன்தான் நான். படம் எடுத்தவன் நம்மைப் பார்த்துப் பயப்படுவதை மட்டும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்கடுத்த ஆண்டு, 2018இல், பாடகி எம்.ஐ.ஏ. பற்றிய ஆவணப்படம் வந்தது. ஈழத்திலிருந்து லண்டனுக்கு அகதியாகப் போன குடும்பத்தின் பெண். அவரே பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருந்த வீடியோக்களைக் கோத்துச் செய்த படம். நடுவர்களின் சிறப்பு விருதும் பெற்றது. பனி மூடிய யூட்டா மலையில், அயலார் நிரம்பிய அரங்கில், அந்தக் குடும்பத்தின் கதை ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தவிர அந்த அரங்கில் தமிழர் யாரும் இருந்தார்களா என்று விளக்கு எரிந்ததும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் கண்ணில் படவில்லை. அன்று எங்கள் குழுவின் பொங்கல் விழா. மைக் வேலை செய்யவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"நம் படம் ஒன்றும் வராதே" என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் தலித் பெண்கள் நடத்தும் செய்தித்தாளைப் பற்றிய ஆவணப்படம் பார்வையாளர் விருதையும் நடுவர்களின் சிறப்பு விருதையும் சேர்த்து வாங்கியது. 2022இல் தில்லியில் பருந்துகளுக்கு மருத்துவம் பார்க்கும் சகோதரர்களைப் பற்றிய படம் உலக ஆவணப்படப் பிரிவின் முதல் பரிசைப் பெற்றது. தொற்றுப் பரவலால் அந்த ஆண்டு விழாவைக் கடைசி நேரத்தில் முழுவதும் இணையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் அந்தப் படத்தை நான் போர்வைக்குள் உட்கார்ந்துதான் பார்த்தேன். 2024இல் ஷுச்சி தலாதியின் படத்துக்குப் பார்வையாளர் விருது. 2025இல் ரோஹன் கானவடேயின் மராத்திப் படம் உலகக் கதைப்படப் பிரிவில் முதல் பரிசு.

இந்த மராத்திப் படத்தின் விஷயத்தில் நான் செய்த ஒரு கோழைத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் பத்து நாள் துக்கத்துக்காக மும்பையிலிருந்து கிராமத்துக்குப் போகிறான் ஒருவன். உறவினர்கள் கல்யாணம் கல்யாணம் என்று நச்சரிக்கிறார்கள். அங்கே ஒரு விவசாயியோடு அவனுக்குக் காதல் அரும்புகிறது. விவசாயியும் ஆண். மிக மெதுவான, மிக அழகான படம். துக்க வீட்டின் நடைமுறைகள் நம் வீட்டில் நடப்பதுபோல அப்படியே இருந்தன. முதல் பரிசு அறிவித்ததும் எங்கள் குழுவில் பெருமையாக எழுதினேன். "என்ன கதை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "கிராமத்துக் கதை" என்று பதில் போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. உங்கள் ஊரில் யாராவது அப்படிக் கேட்டால் முழுக்கதையையும் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள். பிறகொரு நாள் அவரிடம் நேரில் சொன்னேன். "அந்த நச்சரிப்பை எங்கள் வீட்டிலும் ஒரு பையனுக்குக் கொடுத்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

விழா ஏன் எங்களை விட்டுப் போனது? ஒப்பந்தம் 2026இல் முடிய இருந்ததால் நிறுவனம் புதிய ஊர் தேடியது. சின்சினாட்டி ஒன்று, உங்கள் போல்டர் ஒன்று, சால்ட் லேக்கும் பார்க் சிட்டியும் சேர்ந்து கேட்டது ஒன்று. கடைசிச் சுற்றில் இந்த மூன்றும் நின்றன. 2025 மார்ச் 27 அன்று போல்டர் என்று அறிவித்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களின் வானவில் கொடி உட்படப் பல கொடிகளுக்குப் பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் தடை விதிக்கும் சட்டம் அதே மாதத்தில் இங்கே வந்ததால், அதையும் இதையும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. ஊருக்குள் இடம் முடிந்துவிட்டது. விழா அங்கே என்றைக்கும் சொந்த வீட்டில் குடியிருந்ததில்லை. பள்ளி அரங்கம், பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கும் நூலகத்தின் மூன்றாம் மாடி, ஒரு யூத ஆலயம், நகராட்சியின் விளையாட்டுக் கூடம், மூடிப்போன ஒரு விளையாட்டுப் பொருள் கடை என்று எங்கெங்கோ திரை கட்டித்தான் படம் ஓட்டினார்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் 1926இல் கட்டிய எகிப்தியன் தியேட்டரில் முந்நூறு பேர் உட்காரலாம். இப்படி ஊரே இடம் கொடுத்து வளர்த்த விழா அது. அந்த ஒண்டுக்குடித்தனத்தில்தான் அதன் அழகு இருந்தது.

பிறகு அதே ஊர் வாடகையை ஏற்றியது. மெயின் ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் பத்து நாளைக்குக் கடையைக் காலி செய்து விளம்பரக் கம்பெனிகளுக்கு விட்டால் பல மாத லாபம் என்று கண்டுகொண்டார்கள். வீட்டுக்காரர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெயில் உள்ள ஊருக்குப் பறந்தார்கள். புத்தகக் கடை இருந்த இடத்தில் ஒரு வாரம் கார் விளம்பரம், காபிக் கடை இருந்த இடத்தில் ஏதோ ஒரு கடன் அட்டையின் ஓய்வறை. உள்ளூர்க்காரர் நடுவீதியில் அந்நியராக நின்றார். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அங்கே வீடு இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் மூன்று பேர் அறையில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டு வேலை பார்த்த இளம் படைப்பாளிகளை எனக்குத் தெரியும். படம் தேர்வானது என்ற செய்தி வந்த மகிழ்ச்சி, தங்கும் இடத்தின் விலையைப் பார்க்கும்வரைதான் என்று ஒருவர் சொன்னார்.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2020 ஜனவரி. நான் தன்னார்வலராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. இரவுக் காட்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். பார்க் சிட்டியில் நகரப் பேருந்துக்குக் கட்டணம் கிடையாது, விழாவின் உண்மையான மையம் அந்தப் பேருந்துதான் என்பேன். பக்கத்தில் ஒரு பெண், கைப்பேசியில் தன் அம்மாவிடம் தமிழில், சாப்பிட்டுவிட்டதாகவும் குளிரே இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் கான்வாஸ் ஷூ, அதற்குமேல் இரண்டு பிளாஸ்டிக் பைகளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. ஓர் ஆவணப்படக் குழுவில் ஒலிப்பதிவு செய்பவர், சொந்தச் செலவில் வந்திருக்கிறார். இயக்குநருக்கு மட்டும்தான் அறை. இவர் சால்ட் லேக் விமான நிலையத்துப் பக்கம் ஒரு மலிவு விடுதியிலிருந்து தினமும் மலையேறி இறங்குகிறார்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். மனைவி ரசம் வைத்து அப்பளம் சுட்டாள். மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அம்மாவிடம் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது" என்றார். ஐந்து நாள் தங்கினார். மூன்றாம் நாள் நள்ளிரவில் சமையலறைக் கதவு திறந்திருக்கிறதே என்று இறங்கிப் போனால், மகளின் பழைய பனிக்காலணியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், கையில் மைக், காதில் ஹெட்ஃபோன். விரலை உதட்டில் வைத்துப் பேசாதே என்று சைகை காட்டினார். கூரையிலிருந்து பனி சரிந்து விழுவதற்காகக் காத்திருக்கிறாராம். இருபது நிமிடம் நானும் நின்றேன். முதலில் துணி கிழிவது போல ஒரு மெல்லிய இழுப்பு, பிறகு ஒரு நீண்ட மூச்சு, கடைசியில் தரையில் பொத்தென்று ஓர் இடி. பதினோரு குளிர்காலமாக அந்த ஓசையைத் தூக்கத்தில் திட்டிக்கொண்டு புரண்டு படுத்தவன் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாசலருகே ஓர் அலமாரி. பனிக்காலணி நான்கு ஜோடி, கம்பளித் தொப்பிகள், கையுறைகள். விழா நேரில் நடந்த ஒவ்வொரு ஜனவரியும் யாராவது வந்து தங்கினார்கள். நான் சினிமா நிபுணன் ஆகிவிடவில்லை, இப்போதும் பாதிப் படங்களில் கொட்டாவி விடுகிறேன். ஆனால் ஒரு படம் எத்தனை பேர் பட்டினியில் முளைக்கிறது என்பது எங்கள் சாப்பாட்டு மேசையில் தெரிந்தது.

இப்போது உங்கள் பக்கம். போல்டர் மலைவாசத் தலமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். 1,655 மீட்டர் என்பது ஏற்காட்டைவிடச் சற்று மேலே. லட்சம் பேருக்கு மேல் வாழும் பல்கலைக்கழக நகரம். பின்னால் ஃப்ளாட்அயர்ன்ஸ் பாறைகள் நிமிர்ந்து நிற்பதால் படத்தில் மலையூர் போலத் தெரிகிறது. சிற்றூரின் நெருக்கம் அங்கே தானாக வராது, நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அதே மாநிலத்தில் டெல்யுரைடு இருக்கிறது. 1974 முதல் ஒரு குட்டி மலையூரில் விழா நடத்திக் காட்டுகிறது. போல்டரிலேயே இருபது ஆண்டுகளாக ஓர் உள்ளூர்த் திரைப்பட விழா நடக்கிறது. அதற்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன்.

உங்கள் மாநிலம் இந்த விழாவுக்காகப் பத்து ஆண்டுகளில் 3.4 கோடி டாலர் வரை வரிச்சலுகை தருகிறது. அது உங்கள் பணமும்தான். ஆகவே உரிமையோடு கேளுங்கள். எங்கள் மாநிலத்தில் விருது பெற்ற படங்களை உள்ளூர்க்காரர்களுக்கு விழா முடிவில் இலவசமாகக் காட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிக் காட்சிகள் வைத்தார்கள். அவை இரண்டும் போல்டரில் இருக்க வேண்டும் என்று நகர மன்றக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து சொல்லுங்கள். பாட்டு வகுப்புக்கும் நாட்டிய வகுப்புக்கும் பிள்ளைகளை ஓட்டிச் செல்லும் நாம், நகர மன்றக் கூட்டத்துக்கு மட்டும் வழி தெரியாது என்போம். டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து போல்டருக்கு ஃப்ளாட்அயர்ன் ஃப்ளையர் பேருந்து ஓடுகிறது, பார்க்கிங் பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்திக்கு அதுவே பதில். டிக்கெட் விலை அதிகம், ஒரு டிக்கெட் காசில் வழக்கமான திரையரங்கில் இரண்டு படம் பார்த்துவிடலாம். ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் தன்னார்வலராகச் சேருங்கள் என்கிறேன். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேவைப்படுகிறார்கள். வேலை நேரம் போகப் படம் பார்க்கலாம். கதவருகே நின்று விரல்களை எண்ணும் வேலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், நான் ஆறு ஆண்டில் செய்த வேலைகளிலேயே அதுதான் ஆகச் சிறந்தது.

பொங்கல் விழாவைப் பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை வையுங்கள். கரும்பு கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். முந்தைய வாரம் கேட்டாலும் கிடைக்கும், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

ஒரு வீட்டுக்கு ஓர் அறை வேண்டாம், ஒரு மெத்தை போதும். சுப்பீரியர், லூயிவில், ப்ரூம்ஃபீல்டு, வெஸ்ட்மின்ஸ்டர் என்று போல்டரைச் சுற்றி இருக்கும் உங்கள் வீடுகளில் எத்தனையோ நிலவறைகள் உடைந்த டிரெட்மில்லுக்கும் பழைய சூட்கேஸுக்கும் குடியிருப்பாக இருக்கின்றன. பத்து இரவுகளுக்கு அவற்றை நகர்த்தினால் யாரோ ஒருவர் ஓர் ஆண்டுச் சேமிப்பை விடுதிக்குக் கொடுக்காமல் ஊர் திரும்புவார். வருபவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தங்கியவர்களில் இருவர் அசாம்காரர்கள், ஒருவர் சிலியிலிருந்து வந்தவர். மூவருக்கும் ரசம் பிடித்தது. சிலிக்காரருக்கு மட்டும் அப்பளத்தைக் கையால் நொறுக்கலாம் என்று சொல்லித்தர வேண்டியிருந்தது, கத்தியும் முள்கரண்டியும் கேட்டார்.

கடைசி விழாவின் கடைசி இரவில் நான் பணியில் இருந்தேன். காட்சி தொடங்கும் முன் வழக்கம்போல அறிவிப்பு: பக்கத்தில் காலி இருக்கை இருந்தால் கையை உயர்த்துங்கள். பின்வரிசையில் ஒருவர் ஒரு விரலை உயர்த்தி, தம் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். வெளியே வந்து ஒன்று என்றேன். வரிசையில் முதலில் நின்ற பையன் கல்லூரி மாணவன் போலிருந்தான். பின்னால் நின்ற தோழியைப் பார்த்தான். இருவருக்கும் சேர்த்து ஓர் இடம்தான். "நீ போ" என்று அவளை அனுப்பிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கதவு வழியாக வரும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். விதிப்படி நான் அவனை எழுப்பியிருக்க வேண்டும்.

நான்கு ஜோடி பனிக்காலணிகளையும் பெட்டியில் கட்டிவிட்டேன். இனி இந்த வீட்டில் அவற்றுக்கு வேலை இல்லை. ப்ரூம்ஃபீல்டு நண்பனிடம் இலையுதிர் காலத்துக்குள் சேர்த்துவிடுகிறேன், உங்களில் யாருக்கு வேண்டுமோ வாங்கிக்கொள்ளுங்கள். மகளுடையது ஏழாம் அளவு, இடது காலில் ஜிப் கொஞ்சம் அடம் பிடிக்கும், மெழுகு தடவினால் சரியாகும்.

2027 ஜனவரியில் நானும் வருவேன். சால்ட் லேக்கிலிருந்து வயோமிங் வழியாக எட்டு மணி நேரம், காற்று பலமாக அடித்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள், அப்போது ராலின்ஸிலோ லாரமியிலோ ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு சோபா கிடைத்தால் போதும். ரசப்பொடியை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சால்ட் லேக் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பழைய தன்னார்வலன்